பிசிஆர் வழக்கு: முதல் மனு எழுதும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

தமிழ்நாட்டில் சாதிக் கொடுமை பற்றிய வழக்கை யாரும் அதன் முழுப்பெயரால் அழைப்பதில்லை. காவல் நிலையத்திலும் சரி, டீக்கடையிலும் சரி, 'பிசிஆர்' என்றால் போதும். அந்தப் பெயர் 'புரொடெக்‌ஷன் ஆஃப் சிவில் ரைட்ஸ்' என்ற 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தின் சுருக்கம். ஆனால் இன்று அந்தப் பெயரில் பேசப்படும் வழக்குகளில் பெரும்பாலானவை 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் பதிவாகின்றவை. மனு எழுதித் தரச் சொல்லி வருகிறவர்களிடம் நான் முதலில் அவிழ்க்க வேண்டிய முடிச்சு இதுதான்.

சில ஆண்டுகளாக இந்த வேலையில் உதவிவருகிறேன். வழக்கறிஞரிடம் போவதற்கு முன்பே, முதல் நாள் கோபத்தில் எழுதிய மனுவிலேயே பாதி வழக்கு பலவீனமாகிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதனால் இந்தக் கட்டுரையில் நீதிமன்ற விசாரணையைப் பற்றிக் குறைவாகவும், அதற்கு முந்தைய நாட்களைப் பற்றி அதிகமாகவும் எழுதுகிறேன்.

ஒரே பெயரில் இரண்டு சட்டங்கள்

அரசியலமைப்பின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 15(2) பிரிவு கடை, உணவகம், கிணறு, குளம், படித்துறை, சாலை ஆகியவற்றில் சாதியைக் காரணம் காட்டி யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. அடிப்படை உரிமைகளில் பெரும்பாலானவை அரசைக் கட்டுப்படுத்துபவை. இந்த இரண்டும் டீக்கடைக்காரரையும் பக்கத்து வீட்டுக்காரரையும்கூடக் கட்டுப்படுத்தும். ஆனால் அரசியலமைப்பைக் காட்டி மட்டும் ஒருவரைச் சிறைக்கு அனுப்ப முடியாது. அதற்குத் தண்டனைச் சட்டம் வேண்டும். சென்னை மாகாணம் 1938-லேயே இதற்கென ஒரு சட்டம் இயற்றியது. நாடு முழுவதற்குமான தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் 1955-இல் வந்தது. 1976-இல் திருத்தப்பட்டபோது அதன் பெயர் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று மாறியது. (தமிழில் இந்தப் பெயரைக் கேட்டால் பாஸ்போர்ட் விவகாரம் போல இருக்கிறது. 'குடிமை உரிமைகள்' என்பதே பொருந்தும்.)

இந்தச் சட்டத்தில் தண்டனை மிகக் குறைவு: ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை, 100 முதல் 500 ரூபாய் வரை அபராதம். அந்த 500 ரூபாய் 1976-இல் எழுதப்பட்டது. இன்று நான்கு பேர் உணவகத்தில் மதியச் சாப்பாடு சாப்பிட்டால் வரும் பில் அது. ஆனாலும் இதை ஒதுக்கிவிடாதீர்கள். இரட்டைக் குவளை, முடிதிருத்த மறுப்பது, கோயிலில் நுழையத் தடை, சுடுகாட்டுப் பாதையை மறிப்பது ஆகிய எல்லாவற்றையும் இந்தச் சட்டம் நேரடியாகத் தொடுகிறது. இதன் 12-ஆவது பிரிவு இன்னும் பயனுள்ளது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், அந்தச் செயல் தீண்டாமை காரணமாகவே நடந்தது என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லை என்று நிரூபிப்பது எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின் பொறுப்பு.

1989 சட்டம் கனமானது. 1990 ஜனவரி 30 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 3(1) பிரிவில் வரும் குற்றங்களுக்கு ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள திருத்தம் பல புதிய குற்றங்களைச் சேர்த்தது. பொதுத் தெருவில் செருப்பு அணியவோ புத்தாடை உடுத்தவோ சைக்கிள், பைக்கில் போகவோ விடாமல் தடுப்பது, திருமண ஊர்வலத்தை மறிப்பது, ஊர் விலக்கம் செய்வது எல்லாம் இப்போது தனித்தனிக் குற்றங்கள். பட்டியலைப் படித்தால் நம் ஊர்க் கதைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியது போலவே இருக்கும்.

இந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்துமா?

1989 சட்டத்தில் பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி அல்லது பட்டியல் பழங்குடியைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். குற்றம் செய்தவர் இந்த இரண்டிலும் சேராதவராக இருக்க வேண்டும். பட்டியல் சாதிக்குள்ளேயே ஒரு பிரிவினர் இன்னொரு பிரிவினரைத் தாக்கினால் இந்தச் சட்டம் வராது, சாதாரணக் குற்றவியல் சட்டம்தான்.

இன்னொரு கசப்பான செய்தி, குறிப்பாக நம் மாநிலத்தில் பலரைத் தொடுவது. பட்டியல் சாதி என்ற தகுதி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவருக்கு மட்டுமே. கிறிஸ்தவராக மாறிய தலித் மக்கள் தெருவில் அதே வசவைக் கேட்டாலும் 1989 சட்டத்தின் பாதுகாப்பைப் பெற முடியாது. 1955 சட்டம் அப்படி வரையறுக்கவில்லை. தீண்டாமை காரணமாக 'எந்த நபரை'த் தடுத்தாலும் குற்றம் என்பதே அதன் வாசகம். மேலே சொன்ன 12-ஆவது பிரிவின் அனுமானம் மட்டும் பட்டியல் சாதியினருக்கு உரியது. பழங்குடியினருக்கு மதக் கட்டுப்பாடு இல்லை.

ஆகவே சாதிச் சான்றிதழின் நகலை முதல் நாளே எடுத்து வையுங்கள். அது கையில் இல்லை என்பதற்காகப் புகாரைத் தள்ளிப்போட வேண்டாம், பின்னால் கொடுக்கலாம்.

'பொதுப் பார்வை' என்ற இரண்டு சொற்கள்

சாதியைச் சொல்லித் திட்டியதுதான் மிக அதிகமாக வரும் புகார். மிக அதிகமாகச் சரிந்து விழுவதும் அதுதான். 3(1)(ஆர்), 3(1)(எஸ்) என்ற இரண்டு பிரிவுகளும் இழிவுபடுத்தல் 'பொதுப் பார்வையில் படும் இடத்தில்' நடந்திருக்க வேண்டும் என்கின்றன.

பொது இடம் வேறு, பொதுப் பார்வை வேறு. இந்த வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் 2008-இல் விளக்கியது. உங்கள் வீட்டு வாசல் தனியார் இடம்தான். ஆனால் தெருவில் போகிறவர்கள் பார்க்கவும் கேட்கவும் முடிந்தால் அது பொதுப் பார்வையில் வரும். வீட்டுக்குள்ளேயே நடந்தாலும் வெளியார் சிலர் அங்கே இருந்தால் வரும். உறவினரும் நண்பரும் மட்டும் இருந்தால் போதாது. 2020-இல் வந்த இன்னொரு தீர்ப்பு, நான்கு சுவருக்குள் வெளியார் யாரும் இல்லாதபோது பேசியது இந்தப் பிரிவில் வராது என்றது. 2025 ஜனவரியில் திருச்சிப் பகுதி வழக்கு ஒன்றிலும் இதே கதைதான். அரசு அலுவலர் ஒருவரை அவருடைய அலுவலக அறைக்குள் சாதியைச் சொல்லித் திட்டினார் என்பது புகார். சக ஊழியர்கள் பிறகுதான் உள்ளே வந்தார்கள். வழக்கை உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

திட்டியது நடக்கவில்லை என்று அந்தத் தீர்ப்புகள் சொல்லவில்லை. யார் கேட்டார்கள் என்பது புகாரில் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதைத்தான் அவை காட்டுகின்றன. எனவே மனு எழுத உட்காரும்போது நான் கேட்கும் முதல் கேள்வி "என்ன சொன்னான்?" என்பதல்ல. "அப்போது அங்கே வேறு யார் நின்றார்கள்?" என்பதுதான். உண்மையிலேயே யாரும் இல்லை என்றால் இல்லை என்றே இருக்கட்டும். சாட்சியைத் தயார் செய்யாதீர்கள். குறுக்கு விசாரணையில் அந்த ஒரு பொய் மற்ற எல்லா உண்மையையும் இழுத்துக்கொண்டு போய்விடும். தாக்குதல், மிரட்டல், நிலத்தைப் பறித்தல், பாதையை மறித்தல் போன்ற பிற குற்றங்களுக்குப் பொதுப் பார்வை என்ற நிபந்தனை கிடையாது. அவையும் நடந்திருந்தால் அவற்றை முன்னால் எழுதுங்கள்.

மனுவை எழுதும் முறை

வழக்கமாக என்னிடம் கொண்டுவரப்படும் மனு இப்படி இருக்கும்: 'மேற்படி நபர் என்னைச் சாதியைச் சொல்லி ஆபாசமாகத் திட்டி, அடித்து, கொலை மிரட்டல் விடுத்தார். தக்க நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' எந்த ஊரின் எந்தச் சண்டைக்கும் பொருந்தும் வாசகம் இது. எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்குப் பிடித்த மனு.

அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: 'ஞாயிற்றுக்கிழமை மாலை சுமார் 6 மணிக்கு, பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் கண்ணாடி டம்ளரில் டீ கேட்டேன். கடைக்காரர் இன்னார், பேப்பர் கப்பில்தான் தருவேன் என்றார். ஏன் என்று கேட்டதற்கு, (இந்த இடத்தில் அவர் சொன்ன வார்த்தைகள், அப்படியே) என்று உரக்கச் சொன்னார். அப்போது பெஞ்சில் உட்கார்ந்திருந்த இன்னாரும், பேருந்துக்காக நின்ற இன்னாரும் கேட்டார்கள். அவருடைய தம்பி இன்னார் வலது கையால் என் இடது கன்னத்தில் அறைந்தார். கடைக்காரரைப் பத்து ஆண்டுகளாகத் தெரியும். என் தெருவும் சாதியும் அவருக்குத் தெரியும்.'

அந்த வார்த்தையை எழுதப் பலருக்குக் கை கூசும். கூசினாலும் எழுத வேண்டும். 'சாதியைச் சொல்லித் திட்டினார்' என்பது உங்கள் முடிவு. நீதிமன்றத்துக்குத் தேவை அவர் வாயிலிருந்து வந்த சொல். கடைசி வாக்கியத்தையும் கவனியுங்கள். எதிரிக்குப் பாதிக்கப்பட்டவரை நேரடியாகத் தெரியும் என்று நிரூபித்துவிட்டால், சாதியும் தெரிந்திருந்தது என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ள 1989 சட்டத்தின் 8-ஆவது பிரிவு வழி செய்கிறது. "அவர் என்ன சாதி என்றே எனக்குத் தெரியாது" என்ற பழகிப்போன வாதத்துக்கு அந்த ஒரு வரி பதில்.

பெயர் தெரியாதவர்களை 'அடையாளம் காட்டக்கூடிய இருவர்' என்று எழுதுங்கள். ஊரில் பகையுள்ள எல்லோரையும் பட்டியலில் சேர்க்காதீர்கள். இருபது பேரைச் சேர்த்தால், அன்று வெளியூரில் இருந்த ஒருவரை அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

காவல் நிலையத்தில்

மனுவைக் கொடுத்ததும் ஒரு சீட்டைக் கையில் தருவார்கள். அதில் சி.எஸ்.ஆர். எண் இருக்கும். புதியவர்கள் வழக்குப் பதிவாகிவிட்டது என்று நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அது மனு வந்து சேர்ந்ததற்கான ரசீது மட்டுமே. வழக்கு என்பது முதல் தகவல் அறிக்கை, அதாவது எப்.ஐ.ஆர். அதற்குத் தனிக் குற்ற எண்ணும், சட்டப் பிரிவுகளும் இருக்கும். அதன் நகலை இலவசமாகப் பெறுவது உங்கள் உரிமை. நகல் வந்ததும் 1989 சட்டத்தின் பிரிவு எண்கள் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். வெறும் கைகலப்பு வழக்காகப் பதிவு செய்துவிட்டு, "பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்று சொல்வது உண்டு.

"முதலில் விசாரிக்கிறோம், பிறகு பதிவு செய்கிறோம்" என்று சொன்னால் 1989 சட்டத்தின் 18ஏ பிரிவை நினைவூட்டுங்கள். 2018-இல் சேர்க்கப்பட்ட அந்தப் பிரிவு, எப்.ஐ.ஆர். பதிய முன்விசாரணை தேவையில்லை என்கிறது. வாய்மொழியாகச் சொன்னால் அவர்கள் எழுதி, உங்களுக்குப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். இந்தக் கடமைகளை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அலுவலர் பட்டியல் சாதி, பழங்குடியைச் சேராதவராக இருந்தால் 4-ஆவது பிரிவின்படி அவரே குற்றவாளியாகலாம். இதைச் சண்டைக் குரலில் சொல்ல வேண்டியதில்லை. மனுவின் இறுதியில் ஒரு வரியாக இருந்தாலே வேலை நடக்கும்.

அப்படியும் பதியவில்லை என்றால் அதே மனுவை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஒப்புகை அட்டை முக்கியம். அதற்கும் பலன் இல்லை என்றால் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 175(3) பிரிவின்கீழ் நீதிமன்றத்தில் மனு செய்யலாம். தபால் படியைத் தாண்டி நேராக நீதிமன்றம் போனால் மனு திரும்பி வரும். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுப்பது அழுத்தம் தரும். ஆனால் அது மேலே சொன்ன எந்தப் படிக்கும் ஈடாகாது.

காயம் பட்டிருந்தால்

அரசு மருத்துவமனைக்குப் போங்கள், அன்றைக்கே. அங்கே விபத்துப் பதிவேடு ஒன்றில் எழுதுவார்கள்; ஏ.ஆர். நகல் என்பது அதன் பிரதிதான். மருத்துவர் "யார் அடித்தது?" என்று கேட்பார். வலியில், பயத்தில், "யாரோ அடித்தார்கள்" என்று சொல்லிவிட்டால் 'தெரியாத நபர்கள்' என்று அதில் ஏறிவிடும். இரண்டு ஆண்டு கழித்துச் சாட்சிக் கூண்டில் அதை உங்கள் முகத்துக்கு நேரே படித்துக் காட்டுவார்கள். தெரிந்த நபர்கள், எத்தனை பேர், எதனால், எந்த இடம், எத்தனை மணி. இவை அங்கேயும் மனுவிலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

கைப்பேசியில் பதிவு இருந்தால் வாட்ஸ்அப்பில் பத்துப் பேருக்கு அனுப்புவது பெரிதில்லை. பதிவு செய்த அந்தக் கைப்பேசியை விற்காமல், மெமரியை அழிக்காமல் வைத்திருப்பதுதான் பெரிது. மின்னணுச் சாட்சியத்துக்குச் சான்றிதழ் கேட்பார்கள். மூலக் கருவி இருந்தால் அது எளிது.

வழக்குப் பதிவான பிறகு

விசாரணை அதிகாரி டி.எஸ்.பி. நிலைக்குக் கீழ்ப்பட்டவராக இருக்கக் கூடாது என்பது விதி. அறுபது நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். நடைமுறையில் இது நீளும். தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு, அறுபது தாண்டியதும் எழுத்தில் கேளுங்கள்.

இழப்பீட்டை இந்தச் சட்ட விதிகள் 'தீருதவி' என்ற பெயரில் தருகின்றன. ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் இந்தச் சொல்லைச் சொன்னால்தான் சரியான மேசைக்கு அனுப்புவார்கள். 2016-இல் வந்த மத்திய அரசு அட்டவணைப்படி குற்றத்தைப் பொறுத்து 85,000 முதல் 8.25 லட்சம் ரூபாய் வரை; தமிழ்நாடு அரசு இதை 2021-இல் உயர்த்தியது. தொகை தவணைகளாக வரும். சாதிப் பெயரால் இழிவுபடுத்திய வழக்கில் கால் பங்கு எப்.ஐ.ஆர். நிலையிலேயே தரப்பட வேண்டும். அரைப் பங்கு குற்றப்பத்திரிகையின்போது, மீதி தண்டனை உறுதியானதும். உடனடி உதவியை ஏழு நாட்களுக்குள் தர வேண்டும் என்பதும் விதியில் உள்ளது. இதை வாங்கினால் "பணத்துக்காகத்தான் வழக்குப் போட்டான்" என்று ஊர் பேசும். பேசட்டும், வாங்காமல் விட்டாலும் அதையேதான் பேசப் போகிறார்கள்.

ஜாமீன் விஷயத்தில் உங்களுக்கு ஒரு பலம் இருக்கிறது. 15ஏ பிரிவின்படி, எதிரியின் ஜாமீன் மனு உட்பட ஒவ்வொரு நடவடிக்கையும் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும்; அவர் பேசவும் உரிமை உண்டு. அப்படித் தெரிவிக்காமல் கொடுத்த ஜாமீனை உச்ச நீதிமன்றம் 2021-இல் ரத்து செய்திருக்கிறது. முன்ஜாமீனுக்கு 18-ஆவது பிரிவு தடை போடுகிறது. மேலோட்டமாகப் பார்த்தாலே வழக்கில் சாரம் இல்லை என்று தோன்றினால் மட்டும் நீதிமன்றம் விலக்குத் தரும். மனுவில் விவரம் வேண்டும் என்று இவ்வளவு நேரம் சொன்னதற்கு இதுவும் காரணம்.

பிறகு இரண்டு விருந்தாளிகள் வருவார்கள். முதலாவது எதிர்ப் புகார். நீங்கள்தான் அடித்தீர்கள், பணம் பறித்தீர்கள், பெண்ணைக் கேலி செய்தீர்கள் என்று மறுநாளே ஒரு மனு போகும். பதறாதீர்கள், உங்கள் மனு முதலில் போயிருந்தால் நேரமே பாதி பதில் சொல்லும். இரண்டாவது சமாதானம். ஊர்ப் பெரியவர்கள், கட்சிக்காரர்கள், சில சமயம் உங்கள் உறவினர்களே வருவார்கள். இந்தக் குற்றங்கள் இரு தரப்பும் பேசி முடித்துக்கொள்ளத் தக்கவை அல்ல. வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் வழக்கு முடியாது, உங்கள் சாட்சியம்தான் முடியும்.

வேறு வாசல்கள்

அத்துமீறியது காவல் துறையோ வேறு அரசு அலுவலகமோ என்றால் உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவின்கீழ் நீதிப்பேராணை (ரிட்) மனு செய்யலாம். தென் மாவட்டங்களுக்கு மதுரைக் கிளை. நேராக உச்ச நீதிமன்றம் போக 32-ஆவது பிரிவு இருக்கிறது. அரசியலமைப்பின் உயிரும் இதயமும் என்று அம்பேத்கர் 1948-இல் சொன்னது அந்தப் பிரிவைத்தான். ஆனால் பெரும்பாலும் உயர் நீதிமன்றத்துக்குப் போய்விட்டு வரச் சொல்வார்கள். இந்த இரண்டு வழிகளிலும் இழப்பீடும் கிடைக்கும். விடுதலைத் தீர்ப்புக்குப் பிறகும் 14 ஆண்டுகள் பீகார் சிறையில் கிடந்த ருதுல் ஷாவுக்கு 1983-இல் அப்படித்தான் கிடைத்தது. காவலில் மகனை இழந்த ஒடிசாத் தாய் நீலாபதி பெஹெரா அனுப்பிய கடிதத்தையே உச்ச நீதிமன்றம் மனுவாக ஏற்று, 1993-இல் ஒன்றரை லட்சம் ரூபாய் தரச் சொன்னது.

மாநில மனித உரிமை ஆணையத்துக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். அதன் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது.

இழப்பீடு கேட்டு உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போடுவது நான்காவது வழி, மெதுவான வழி. அரசுக்கு எதிராக என்றால் இரண்டு மாத முன்னறிவிப்பு அனுப்ப வேண்டும். அவதூறு, சட்டவிரோதக் காவல் போன்றவற்றுக்குக் காலவரம்பு ஓராண்டுதான். 1955 சட்டக் குற்றங்களுக்கும் ஓராண்டுக்குள் நீதிமன்றம் வழக்கைக் கையில் எடுத்தாக வேண்டும். 1989 சட்டக் குற்றங்களுக்கு அப்படி வரம்பு இல்லை. என்றாலும் தாமதத்துக்குக் காரணம் கேட்பார்கள், அதை மனுவிலேயே எழுதிவிடுங்கள். பணியிடப் பாலியல் தொல்லைக்குத் தனிச் சட்டம், தனிக் குழு. அங்கே மூன்று மாதத்துக்குள் புகார் செய்ய வேண்டும்.

செலவு

பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பாராமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். தொலைபேசி 15100. சாதிக் கொடுமைக்கென்றே உள்ள தேசிய உதவி எண் 14566. இந்த வழக்குகளுக்கான சிறப்பு நீதிமன்றத்தில் அரசு வழக்கறிஞர்தான் வழக்கை நடத்துவார். அவர்மீது நம்பிக்கை இல்லை என்றால் வேறொரு மூத்த வழக்கறிஞரை நியமிக்கக் கோரி ஆட்சியரிடம் மனு கொடுக்கவும் விதி இருக்கிறது.

கடைசியாக, ஒரு பிளாஸ்டிக் கோப்பு வாங்குங்கள். மனு நகல், சி.எஸ்.ஆர். சீட்டு, ஒப்புகை அட்டை, எப்.ஐ.ஆர்., ஏ.ஆர். நகல், சாதிச் சான்று, தீருதவி ஆணை, எல்லாம் தேதி வரிசையில். அசலைக் கேட்டால் நகலைக் கொடுங்கள். எவர் கேட்டாலும்.